தலவாக்கலை – நுவரெலியா தினசரிப் பயணத்துக்குப் பழைய கார்: எதை நம்பி வாங்கலாம்?

லிந்துலை ஆசிரியை

அனைவருக்கும் வணக்கம். தலவாக்கலைக்கு அருகில் ஒரு தோட்டத்தில் எங்கள் வீடு. நான் கற்பிப்பது நுவரெலியா நகரிலுள்ள ஒரு பாடசாலையில். வீட்டிலிருந்து பிரதான வீதிக்கு இரண்டு கிலோமீற்றர் தோட்டப் பாதை. அதையும் சேர்த்தால் லிந்துலை, நானுஓயா வழியாக ஒரு வழிக்கு ஏறக்குறைய 30 கிலோமீற்றர். ஏழரை மணிக்குள் பாடசாலையில் இருக்க வேண்டும் என்பதால் ஐந்தேகாலுக்கு வரும் பேருந்தைத்தான் இத்தனை காலமும் நம்பியிருந்தேன். அது வராத நாள்களில் முச்சக்கர வண்டிக்குக் கொடுத்த பணத்தை ஒரு கொப்பியில் எழுதிவந்து, வருடக் கடைசியில் கூட்டிப் பார்த்த அன்றுதான் ஒரு கார் வாங்குவதற்கு வீட்டில் எல்லோரும் சம்மதித்தார்கள்.

சேமிப்பும் கடனும் சேர்ந்து 50 இலட்சம் ரூபாவைத் தாண்ட முடியாது. 2020 மார்ச்சில் நிறுத்திய வாகன இறக்குமதியை 2025 பெப்ரவரியில் மீண்டும் திறந்தபோது பழைய கார்களின் விலை விழும் என்று காத்திருந்தவர்களில் நானும் ஒருத்தி, காத்திருந்ததுதான் மிச்சம். இப்போது கண்ணில் படுபவை நான்கு: 2015ஆம் ஆண்டு அல்டோ 800, 2008ஆம் ஆண்டு விட்ஸ், 2015ஆம் ஆண்டு வேகன் ஆர், 2013ஆம் ஆண்டு அக்வா. கடைசி இரண்டும் பெற்றோல் எஞ்சினோடு மின்மோட்டாரும் உள்ள ஹைபிரிட் வண்டிகள், கையை மீறுகின்றன. ஆனாலும் ஹைபிரிட் வாங்கினால் கூடுதலாகக் கொடுக்கும் பணம் பெற்றோலில் திரும்பிவிடும் என்கிறார் என் கணவர். கிளச் இல்லாத வண்டி மலைக்கு ஆகாது என்பது மாமாவின் முடிவு. அவர் நாற்பது வருடம் தோட்டத்து லொறி ஓட்டியவர், ஆகவே அவரை எதிர்த்துப் பேச யாருக்கும் துணிவில்லை. எனக்கு இரண்டு விதமாகவும் ஓட்ட அனுமதிப்பத்திரம் உண்டு. எந்த வண்டியை வாங்குவது, வாங்குமுன் எதைப் பார்ப்பது என்று அனுபவமுள்ளவர்கள் சொன்னால் நன்றியுடையவளாக இருப்பேன்.

ஹட்டன் பாஸ்

வணக்கம் டீச்சர். ஹட்டனில் கராஜ் வைத்து இருபத்தாறு வருடங்கள் ஆகின்றன. வண்டியை வாங்கிவிட்டு வந்து கேட்பவர்களே என்னிடம் அதிகம், வாங்குமுன் கேட்பவர்கள் அரிது என்பதால் கொஞ்சம் நீளமாகவே எழுதுகிறேன்.

விளம்பரத்தில் 'லீற்றருக்கு 35' என்று போடுகிறார்களே, அந்த எண் ஜப்பானில் ஜே.சி.08 என்னும் முறைப்படி உருளைகளின் மேல் வண்டியை ஓடவிட்டு எடுத்தது. 2011 இறுதியில் வந்த முதல் அக்வாவுக்கு அப்படிக் கிடைத்தது 35.4. அந்த உருளைகளுக்கு ஏற்றமும் தெரியாது, தோட்டத்துக் குழியும் தெரியாது. நீங்கள் புறப்படும் தலவாக்கலை கடல் மட்டத்திலிருந்து சுமார் 1,200 மீற்றர். போய்ச் சேரும் நுவரெலியா 1,868 மீற்றர். அங்கே காற்றழுத்தம் கடலோரத்தில் இருப்பதில் ஐந்தில் நான்கு பங்குதான். டர்போ இல்லாத எந்த எஞ்சினும் ஏறக்குறைய அந்த அளவுக்கு மூச்சு வாங்கும். வேகன் ஆரின் 658 சீசீ எஞ்சினுக்குப் புத்தகத்தில் 52 குதிரைவலு என்றால், நுவரெலியாவின் கிரகரி வாவிக் கரையில் அதற்கு நாற்பதைச் சுற்றித்தான் இருக்கும். தனியாகப் போகும் ஒருவருக்கு அது போதும். வீட்டார் நால்வரையும் அரிசி மூட்டையையும் ஏற்றிக்கொண்டு நானுஓயாவிலிருந்து மேலே வந்து பாருங்கள். பக்கத்தில் இருப்பவரிடம் சத்தம் போட்டுத்தான் பேச வேண்டியிருக்கும்.

ஏறுவதை விட எனக்குக் கவலை தருவது இறங்குவதுதான். நீங்கள் காலையில் ஏறிய அத்தனை உயரத்தையும் பிற்பகல் ஒன்றரை மணிக்குப் பிறகு, பெரும்பாலும் மழையில், இறங்கியாக வேண்டும். ரதல்ல குறுக்கு வீதியில் 2023 ஜனவரியில் நடந்த பேருந்து விபத்தை இந்தப் பக்கத்தில் யாரும் மறந்திருக்க மாட்டோம். போன மாதம் ஓர் இளைஞர் வண்டியை கராஜுக்குள் கொண்டுவந்தார். பிரேக்கில் கால் வைத்தால் ஸ்டியரிங் சக்கரம் கைக்குள் துடிக்கிறது என்றார். முன் சில்லைக் கழற்றினால் டிஸ்க் முழுவதும் நீலம் பூத்திருந்தது. பேடின் ஓரம் பொரிந்து உதிர்ந்தது. விசாரித்தால், நுவரெலியாவிலிருந்து 'டி'யில் போட்டபடி பிரேக்கை மிதித்துக்கொண்டே இறங்கியிருக்கிறார், புகை வந்ததும் நிறுத்தி ஓடைத் தண்ணீரை மொண்டு ஊற்றியிருக்கிறார். சுடுகிற இரும்பில் குளிர்ந்த தண்ணீர் பட்டால் அது கோணாமல் என்ன செய்யும்? ஓட்டோ கியர் வண்டிகளில் 'டி'க்குக் கீழே எஸ், பி, எல் என்று வண்டிக்கு வண்டி வேறு எழுத்து இருக்கும். அது அலங்காரத்துக்கு வைத்ததல்ல, இறக்கத்துக்கு வைத்தது. பெற்றோலை மிச்சம் பிடிக்கிறேன் என்று நியூட்ரலில் உருட்டிவிடுகிற பழக்கம் நம் ஆட்களிடம் இன்னும் இருக்கிறது. கார்புரேட்டர் காலத்தில் அதில் ஏதோ நியாயம் இருந்திருக்கலாம். இன்றைய இன்ஜெக்ஷன் எஞ்சினில், கியரில் விட்டு அக்ஸலரேட்டரிலிருந்து காலை எடுத்தால் பெற்றோல் முழுவதுமாக அடைபடுகிறது. நியூட்ரலில் விட்டால்தான் எஞ்சின் அணையாமல் இருக்க ஒழுகிக்கொண்டே இருக்கிறது. ஆகவே நியூட்ரலில் வருபவர் உயிரையும் பணயம் வைத்து, பெற்றோலையும் கூடுதலாக எரிக்கிறார்.

அதனால் எந்த வண்டியைப் பார்க்கப் போனாலும் முதலில் பிரேக் ஒயில் டப்பாவைத் திறந்து பாருங்கள். புதிய ஒயில் தேன் நிறம். பழையது சாயம் முற்றிய தேநீர். அது காற்றிலிருந்து ஈரத்தை உறிஞ்சும். டொட் 3 வகை புதிதாக இருக்கும்போது 205 பாகையில் கொதிக்கும், ஈரம் சேர்ந்த பிறகு 140 வரை இறங்கிவிடலாம். நீண்ட இறக்கத்தில் அது கொதித்து ஆவியானால் மிதி பஞ்சுபோல் உள்ளே போகும். இரண்டு வருடத்துக்கு ஒருமுறை மாற்றுவது சில ஆயிரம் ரூபா வேலை. பலர் வாங்கிய நாளிலிருந்து தொட்டதே இல்லை. அடுத்தது ரேடியேட்டர். குழாய்த் தண்ணீர் ஊற்றி ஓட்டிய வண்டியில் மூடியின் அடியில் செங்கல் நிறத்தில் படிவு இருக்கும். நுவரெலியா உயரத்தில் திறந்த பாத்திரத்துத் தண்ணீர் 94 பாகையிலேயே கொதிக்கிறது. மூடி இறுக்கமாக நின்று உள்ளே அழுத்தம் பிடித்தால்தான் எஞ்சின் தாக்குப்பிடிக்கும். (மூடியை எஞ்சின் ஆறிய பின்பே திறக்க வேண்டும் என்பதைச் சொல்லத் தேவையில்லை என்று நினைக்கிறேன். இருந்தாலும் சொல்லிவைக்கிறேன்.)

கியர்பொக்ஸ் பற்றி உங்கள் மாமா சொன்னதில் பாதி சரி. நன்றாகப் பராமரித்த சீ.வீ.டி., அதாவது படிப்படியான கியர் இல்லாத ஓட்டோ கியர்பொக்ஸ், எந்த மலையையும் ஏறும். ஆனால் அதன் ஒயிலை மாற்றாமலேயே ஒரு இலட்சம் கிலோமீற்றரைத் தாண்டிய வண்டிகள்தான் சந்தையில் நிறைய. ஒயில் அளவு பார்க்கும் கம்பியை உருவி மூக்கில் வைத்துப் பாருங்கள். கருகிய வாசனை வந்தால் பேச்சை அங்கேயே முடித்துவிடுங்கள். சாதாரண கியர்பொக்ஸையே மோட்டார் வைத்து மாற்றுகிற ஏ.ஜி.எஸ். வகை, ஏற்றத்தில் நின்று புறப்படும்போது பின்னால் நழுவும். தலவாக்கலைச் சந்தியில் பின்னால் பேருந்து முட்டிக்கொண்டு நிற்கும்போது அது சுகமாக இருக்காது. இரட்டைக் கிளச் கொண்ட 2013ஆம் ஆண்டு ஃபிட் ஹைபிரிட் ஜப்பானிலேயே ஓராண்டுக்குள் பலமுறை திரும்ப அழைக்கப்பட்ட வண்டி. அந்தத் திருத்தங்கள் செய்யப்பட்டதற்குச் சான்று இல்லாமல் அதை வாங்க வேண்டாம்.

என் விருப்பத்தைக் கேட்டால், உங்கள் நான்கில் விட்ஸ். ஆயிரம் சீசீ, மூன்று சிலிண்டர், பெல்ட்டுக்குப் பதில் செயின் வைத்த எஞ்சின். ஹட்டனிலும் கம்பளையிலும் அதன் உதிரிப்பாகம் இல்லாத கடை கிடையாது. அல்டோவும் நல்ல வண்டிதான், ஆனால் அதன் கீழ்நிலை மாடல்களில் சில்லு பூட்டிக்கொண்டு வழுக்காமல் காக்கும் ஏ.பி.எஸ். பிரேக்கும் காற்றுப்பையும் இல்லை. மூடுபனியில், நனைந்த வீதியில் தினமும் போகப் போகிற ஆளுக்கு அந்தக் குறை சிறிதல்ல.

வெலிமடைக் கணக்கு

பாஸ் சொன்னதோடு உடன்படுகிறேன். நானும் ஆசிரியன்தான், கணிதம். டீச்சரின் கணவர் சொல்வதைக் கணக்குப் போட்டுப் பார்த்துவிடுவோம்.

நாளொன்றுக்கு 60 கிலோமீற்றர், மாதத்துக்கு 22 நாள் என்றால் 1,320 கிலோமீற்றர். கணக்கு இலகுவாக இருக்கப் பெற்றோல் லீற்றர் 300 ரூபா என்று வைத்துக்கொள்வோம். லீற்றருக்கு 15 கிலோமீற்றர் ஓடும் வண்டிக்கு 88 லீற்றர், அதாவது 26,400 ரூபா. லீற்றருக்கு 20 ஓடும் வண்டிக்கு 66 லீற்றர், 19,800 ரூபா. வித்தியாசம் 6,600. பாடசாலை விடுமுறைகளைக் கழித்து வருடத்துக்குப் பத்து மாதம் என்றால் 66,000 ரூபா மீதம். அந்த மீதத்துக்காக 10 இலட்சம் கூடுதலாகக் கொடுத்தால் பணம் திரும்ப வரப் பதினைந்து வருடம் ஆகும். அந்த 10 இலட்சமும் கடன் என்றால், நூற்றுக்கு 12 வட்டியிலேயே முதல் வருடத்துக்கு 120,000 ரூபா போய்விடும். பெற்றோலில் பிடிக்கும் மிச்சத்தைப் போல் ஏறக்குறைய இரண்டு மடங்கு வட்டிக்கே போகிறது என்பதைக் கணவரிடம் மெதுவாக எடுத்துச் சொல்லுங்கள்.

இன்னொன்று: ஆயிரம் கிலோ எடையை 660 மீற்றர் உயரம் தூக்குவதற்குத் தேவையான சக்தி சுமார் 6.5 மெகாஜூல். ஒரு லீற்றர் பெற்றோலில் 32 மெகாஜூல் இருந்தாலும் எஞ்சின் அதில் கால்வாசி அல்லது அதற்குச் சற்று மேல்தான் சில்லுக்குக் கொடுக்கிறது. ஆக, காலை ஏற்றத்துக்கு மட்டுமே முக்கால் லீற்றரை ஒட்டிச் செலவாகும். சமதரையில் ஓடுவதற்கானது வேறு. இந்த முக்கால் லீற்றர் எந்தத் தொழில்நுட்பத்துக்கும் பெரிதாக மசியாது, எடைக்குத்தான் மசியும். அல்டோ 700 கிலோவை ஒட்டியது, வேகன் ஆர் 800க்குக் கீழே, விட்ஸ் 1,000ஐ ஒட்டியது, அக்வா சுமார் 1,080. மலையில் அல்டோ சிக்கனமாகத் தெரிவதன் இரகசியம் அதுதான்.

ஓர் இடைச் செருகல். 2022இல் எரிபொருளைப் பங்கிட்டுக் கொடுக்கக் கியூ.ஆர். முறை வந்தபோது காருக்கு வாரத்துக்கு 20 லீற்றர் தந்தார்கள். உங்கள் வாரப் பயணம் 300 கிலோமீற்றர். லீற்றருக்கு 15 ஓடும் வண்டி என்றால் அந்த 20 லீற்றர் பாடசாலைக்குச் சரியாகப் போதும், கோயிலுக்குப் போக ஒரு சொட்டும் மிஞ்சாது. அப்படியொரு காலம் மீண்டும் வருமோ என்ற பயத்தில் ஹைபிரிட் தேடுபவர்களை நான் குறை சொல்ல மாட்டேன். ஆனால் அந்தப் பயத்துக்குக் கொடுக்கும் விலை என்ன என்று தெரிந்து கொடுக்க வேண்டும்.

பண்டாரவளைவாசி

ஹைபிரிட்டை எல்லோரும் சேர்ந்து ஒதுக்கிவிடுவதற்கு முன் நானும் என் பங்கைச் சொல்ல வேண்டும். ஐந்து வருடமாக அக்வாவில் பண்டாரவளையிலிருந்து பதுளைக்கு வேலைக்குப் போய் வருகிறேன். நான் காலையில் இறங்கி மாலையில் ஏறுகிறவன், உங்களுக்கு நேர்மாறு. தாங்கியை நிரப்பி, ஓடி, மறுபடி நிரப்பிப் பார்க்கும் முறையில் எனக்கு லீற்றருக்கு 19 முதல் 21 வரை கிடைக்கிறது. 35 கனவில்தான்.

முதலில் ஒரு குழப்பத்தைத் தீர்த்துக்கொள்ளுங்கள். வேகன் ஆரில் இருப்பது சிறிய உதவி மோட்டார். எஞ்சினை நிறுத்தி எழுப்பவும், வேகமெடுக்கும்போது ஒரு தள்ளுக் கொடுக்கவும் அது உதவும். நீண்ட ஏற்றத்தில் அதன் உதவி சீக்கிரமே ஓய்ந்து, பிறகு நீங்கள் ஓட்டுவது வெறும் 658 சீசீ வண்டி. அக்வா வேறு வகை. அதை மின்மோட்டாரால் மட்டுமே சிறிது தூரம் ஓட்டலாம். அதன் பற்றரியும் பெரிதல்ல, ஒரு கிலோவாட் மணிக்கும் குறைவு, அதிலும் முழுவதையும் பாவிக்க வண்டி விடாது. செங்குத்தான இறக்கத்தில் சில கிலோமீற்றரிலேயே திரையில் எல்லாக் கோடும் நிரம்பிவிடும். அதன் பிறகு மோட்டாரின் பிடி தளர்ந்து பிரேக்கின் மேல் பாரம் விழும். அப்போதுதான் 'பி'யில் போட வேண்டும். எஞ்சின் திடீரென்று உறுமும். பயப்பட வேண்டாம், பெற்றோல் எரியவில்லை, மிஞ்சிய வேகத்தை எஞ்சின் தின்கிறது.

ஹைபிரிட்டில் நான் பட்ட அடியையும் சொல்கிறேன். இதற்கு முன் வைத்திருந்த ஹைபிரிட்டை, மாடலும் விற்ற இடமும் வேண்டாம், 'பற்றரி புதிதாகப் போட்டது' என்ற வாக்கை நம்பி வாங்கினேன். நான்காவது மாதம் ஹாலிஎல ஏற்றத்தில் சிவப்பு முக்கோணம் எரிந்தது. பெட்டியைத் திறந்தபோது பழைய கலங்களுக்கு நடுவே மூன்றே மூன்று புதியவை பளபளத்தன. பழசும் புதிதும் ஒன்றாக இழுக்கும்போது பலவீனமானது முதலில் போகும், பிறகு பக்கத்திலுள்ளது. ஆகவே ஹைபிரிட் பார்க்கப் போனால் ஸ்கேனர் உள்ள ஒருவரை அழைத்துக்கொண்டு, வண்டியை ஏற்றத்தில் ஓட்டும்போதே பற்றரித் தொகுதிகளின் வோல்ற்றளவுகள் ஒன்றோடொன்று ஒத்து நிற்கின்றனவா என்று பாருங்கள். நிறுத்தி வைத்திருக்கும்போது எல்லாமே ஒத்துத்தான் நிற்கும். அக்வாவில் பின் இருக்கையின் பக்கத்தில் பற்றரிக்குக் காற்றை இழுக்கும் துவாரம் ஒன்று உண்டு. அதில் தூசியும் நாய் மயிரும் அடைந்திருந்தால் உரிமையாளரின் பராமரிப்பு இலட்சணம் விளங்கிவிடும்.

இரண்டு கிலோமீற்றர் தோட்டப் பாதை என்று எழுதியிருக்கிறீர்கள். அக்வா தரையோடு தரையாக இருக்கும் வண்டி. அந்த ஒரு காரணத்துக்காகவே உங்களுக்கு அதைச் சிபாரிசு செய்யத் தயங்குகிறேன்.

கம்பளையிலிருந்து

வண்டியைப் பற்றிப் பெரியவர்கள் சொல்லிவிட்டார்கள். நான் இரண்டு விடயம் மட்டும்.

2025 நவம்பர் இறுதியில் டித்வா புயலின்போது எங்கள் ஊரில் கார்கள் கூரை வரை மூழ்கியதை நேரில் கண்டேன். அப்படி மூழ்கியவற்றுள் சில கழுவித் துடைத்து, வாசனை தெளித்து, வேறு மாவட்டங்களில் விற்பனைக்கு நிற்கக்கூடும். சீற்று விரிப்பைத் தூக்கி, அடியிலுள்ள பஞ்சை விரலால் அழுத்துங்கள். சீற் பெல்ட்டை முழுவதும் வெளியே இழுத்து, வழக்கமாக உள்ளே சுருண்டிருக்கும் கடைசிப் பகுதியைப் பாருங்கள். கழுவுகிறவர் அந்த இடத்தை மறந்துவிடுவார், சேற்றுக் கோடு அங்கேதான் தங்கியிருக்கும். சீற்றை இறுக்கும் போல்ட்டுகள் துருப்பிடித்திருந்தாலும் சந்தேகப்படுங்கள்.

அடுத்தது ஆவணம். பதிவுச் சான்றிதழின் மூலப் பிரதியில் முற்றான உரிமையாளர் என்ற இடத்தில் லீசிங் நிறுவனத்தின் பெயர் இருந்தால், அது நீக்கப்படும் வரை முழுப் பணத்தைக் கொடுக்க வேண்டாம். 'ஓப்பன் பேப்பர்' என்று கையெழுத்து மட்டும் போட்ட படிவத்தோடு மூன்று நான்கு கை மாறிய வண்டிகள் நம் பக்கத்தில் தாராளம். பதிவில் இருப்பவரை நேரில் காணாமல் வாங்காதீர்கள். இயந்திர இலக்கத்தையும் அடிச்சட்ட இலக்கத்தையும் புத்தகத்தோடு நீங்களே ஒப்பிட்டுப் பாருங்கள்.

லிந்துலை ஆசிரியை

பதில் எழுதிய அனைவருக்கும் மனமார்ந்த நன்றி. வட்டிக் கணக்கைக் கணவரிடம் காட்டினேன். ஒன்றும் பேசாமல் தாளை மடித்துச் சட்டைப் பையில் வைத்துக்கொண்டார். ஹைபிரிட் பேச்சு அன்றோடு முடிந்தது.

இந்த வாரம் இரண்டு வண்டி பார்த்தோம். கொட்டகலையில் ஓர் அல்டோ, ஒரே உரிமையாளர், மிகச் சுத்தம். ஆனால் நீங்கள் சொன்னபடி காற்றுப்பையும் ஏ.பி.எஸ்.ஸும் இல்லை. அடுத்தது கண்டியில் ஒரு விட்ஸ், 2008, மானியில் 118,000 கிலோமீற்றர். நாங்கள் போய்ச் சேர்ந்தபோதே எஞ்சின் சூடாக இருந்தது. பிரேக் ஒயில் கறுப்புத் தேநீர். குளிரூட்டி வேலை செய்யவில்லை; 'நுவரெலியாவுக்குத்தானே கொண்டுபோகிறீர்கள் மிஸ், அங்கே எதற்கு ஏசி' என்று விற்பவர் சிரித்தார். மாமா அடியில் படுத்துப் பார்த்து, துரு இல்லை, ஒயில் கசிவும் இல்லை என்றார். இதை விட்டுவிடுவதா, விலை பேசுவதா?

ஹட்டன் பாஸ்

டீச்சர், விடத் தேவையில்லை, விலை பேசுங்கள். பிரேக் ஒயில் கறுத்திருப்பது பராமரிப்புக் குறைவுக்கு அடையாளம், வண்டி கெட்டுப்போனதற்கு அல்ல. ஆனால் எஞ்சின் ஏன் சூடாக இருந்தது என்று எனக்குத் தெரிய வேண்டும். குளிர்ந்த எஞ்சினில் கேட்கும் சத்தத்தை மறைக்க, ஆள் வருமுன் ஓடவிட்டு வைப்பது பழைய வித்தை. அடுத்த முறை சொல்லாமல் கொள்ளாமல் காலை ஆறு மணிக்குப் போய், பொனட்டில் கை வைத்துப் பார்த்துவிட்டு உங்கள் முன்னால் ஸ்டார்ட் செய்யச் சொல்லுங்கள். முதல் சில நொடிக்குச் செயின் சலசலப்புக் கேட்டாலோ, பின் குழாயில் நீலப் புகை வந்தாலோ திரும்பிவிடுங்கள்.

ஏசி விடயத்தில் அவர் சிரித்தது சரியில்லை. நம் ஊரில் ஏசி வேண்டியது குளிருக்காக அல்ல, கண்ணாடிக்காக. மழை நாளில் நான்கு பேர் மூச்சு விட்டால் முன் கண்ணாடி பால்போல் வெளுத்துவிடும். உள்ளே இருக்கும் ஈரத்தை இழுத்து அதைத் தெளியவைப்பது ஏசிதான். நானுஓயா மூடுபனியில் ஒரு கையால் கண்ணாடியைத் துடைத்துக்கொண்டு மறுகையால் வண்டியைத் திருப்ப உங்களால் முடியாது. வாயு மட்டும் குறைந்திருந்தால் சிறு செலவு, கொம்ப்ரஸர் போயிருந்தால் பெரிய செலவு. பெரியது என்று வைத்தே விலையைக் குறையுங்கள். அடிச்சட்ட இலக்கத்தைக் கொடுத்து, குறைபாடுள்ள டகாட்டா நிறுவனக் காற்றுப்பைகளை மாற்றுவதற்கான திரும்ப அழைப்பில் அந்த வண்டி அடங்குகிறதா, மாற்றியாயிற்றா என்றும் முகவரிடம் கேட்டுவிடுங்கள்.

லிந்துலை ஆசிரியை

ஐந்து வாரம் கழித்து எழுதுகிறேன், மன்னிக்கவும். சனிக்கிழமை விடியற்காலையில் நானும் மாமாவும் கண்டிக்குப் போய் ஆறேகாலுக்கு அந்த வீட்டு வாசலில் நின்றோம். விற்பவர் சாரத்தோடு வந்து கதவைத் திறந்தார். பொனட் பனிக்கட்டிபோல் குளிர்ந்திருந்தது. எஞ்சின் ஒரே தட்டில் எழுந்தது, சத்தமும் இல்லை, புகையும் இல்லை. ஏசியில் கொம்ப்ரஸர்தான் போயிருந்தது. பிரேக், ஏசி, நான்கு டயர் என்று ஒரு தாளில் எழுதிக் கழித்துக் கேட்டோம். கேட்டதில் முக்கால்வாசி குறைத்தார். பதிவில் இருந்தவர் அவரே என்பதால் பெயர் மாற்றத்தில் தொல்லை இல்லை. காற்றுப்பை ஏற்கெனவே மாற்றப்பட்டிருந்தது.

பிரேக் ஒயிலை மாற்றிய பிறகுதான் பாடசாலைக்கு எடுத்தேன். முதல் தாங்கியில் 412 கிலோமீற்றருக்கு 27.3 லீற்றர், அதாவது லீற்றருக்கு 15.1. இரண்டாவதில், இறக்கத்தில் 'டி'யை விட்டுக் கீழே மாற்றப் பழகிய பின், 15.8. மாமா இப்போது பின் இருக்கையில் அமர்ந்து, ஒவ்வொரு வளைவுக்கும் முன்னால் 'மாத்து, மாத்து' என்று சொல்லிக்கொண்டு வருகிறார். கிளச் இல்லாததைப் பற்றிப் பேச்சே இல்லை.

பாஸ் ஐயா, சீ.வீ.டி. ஒயிலில் கருகல் வாசனை இல்லை, ஆனால் நிறம் மங்கிவிட்டது. ஏப்ரல் விடுமுறை தொடங்கிய மறுநாள் ஹட்டனுக்குக் கொண்டுவருகிறேன். பின் இடது சில்லில் ஒரு நட்டும் குறைகிறது. அதற்கும் ஒன்று எடுத்துவையுங்கள்.